வெள்ளைத் தங்கம் என்று சொன்னது நான்தான்

உங்கள் மேலாளர் என்னைக் கூப்பிட்டுவிட்டபோது, புதிதாகக் கவுண்டருக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு விற்பனை நுணுக்கம் நாலு சொல்லிக்கொடுங்கள் என்றார். போடியில் ஒரே நகைக்கடையில் கவுண்டருக்குப் பின்னால் முப்பத்தோரு வருடம் நின்றவன் நான். நாலு என்ன, நாற்பது தெரியும். அதில் ஒன்றை வைத்துத்தான் ராசிங்காபுரத்தில் ஒருத்திக்கு வர வேண்டிய வீட்டை வராமல் பண்ணினேன். இன்றைக்கு நான் சொல்லப்போவது அது ஒன்றைத்தான். விருப்பமில்லாதவர்கள் இப்போதே டீ குடிக்கப் போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

யாரும் போகவில்லையா? சரி, கேளுங்கள்.

கல்லில் உரைப்பது, மெஷினில் எவ்வளவு சுத்தம் என்று டச்சு பார்ப்பது, பில் போடுவது எல்லாம் ஒரு மாதத்தில் கை பழகிவிடும். அதற்கு நான் வந்து தொண்டை கிழியப் பேச வேண்டியதில்லை. கஷ்டமானது வேறு. எதிரில் நிற்கிற ஆள் நம்மை நம்பிவிட்ட பிறகு நம் வாய் என்ன செய்கிறது என்று கவனிப்பதுதான் கஷ்டம். எனக்கு அது கடைசிவரை வரவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த வருடங்களில் தங்கம் ஏறிக்கொண்டே போனது. ஒரு காலத்தில் தங்கத்தைவிட விலை கூடுதலாக இருந்த பிளாட்டினம் இறங்கிப்போய் அதற்குக் கீழே கிடந்தது. கோயம்புத்தூருக்குச் சரக்கு எடுக்கப் போன எங்கள் முதலாளி, மலிவாகக் கிடைக்கிறது என்று பத்துக் கிராம் பிளாட்டினக் கட்டிகளை ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒவ்வொன்றும் ஓர் அட்டைக்குள் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருக்கும். போடியில் யார் பிளாட்டினம் வாங்குகிறார்கள்? வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் கல்யாணத்துக்கு ஒரு ஜோடி மோதிரம் கேட்டு வருவார்கள், அவ்வளவுதான். கட்டிகள் ஆறு மாதம் கண்ணாடிக்குள்ளேயே கிடந்தன. தினமும் துடைத்துத் துடைத்து வைத்தோம். கடைசியில் முதலாளி, ஒரு கட்டி விற்றால் விற்றவருக்குத் தனியாக இவ்வளவு என்று அறிவித்தார். பெரிய தொகை இல்லை, ஒரு வேளை பிரியாணி சாப்பிடலாம். அந்தப் பிரியாணிக்காகத்தான் நான் மூளையைக் கசக்கினேன்.

பிளாட்டினம் என்ற சொல்லைக் கேட்டாலே ஆட்கள் ஒதுங்கினார்கள். அது பணக்காரர்கள் சமாச்சாரம், நமக்கெதற்கு என்ற பயம். அதனால் அந்தப் பெயரை நான் வாயில் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஊரில் ஏற்கெனவே புழங்குகிற பெயர் ஒன்று இருந்தது: வெள்ளைத் தங்கம். தங்கத்தில் வேறு உலோகம் சேர்த்து வெள்ளையாக்கிய நகையைச் சிலர் அப்படிச் சொல்வார்கள். பிளாட்டினத்தையும் சிலர் அப்படியே சொல்வார்கள். பருத்தி போடுகிற பக்கம் போனால் பஞ்சுக்கும் அதே பெயர். இந்தக் குழப்பம் எனக்கு நல்ல வசதியாகப் போயிற்று. ‘வெள்ளைத் தங்கம். தங்கத்தைவிட அபூர்வம். இன்றைக்குத் தங்கத்தைவிட விலை கம்மி. ஒருநாள் தாண்டிப் போகும்.’ இவ்வளவுதான் என் பாட்டு. வரிக்கு வரி உண்மை. நான் பொய் சொன்னேன் என்று ஒருவரும் என்மேல் விரல் நீட்ட முடியாது. உங்களுக்கும் இப்படித்தான் பயிற்சி கொடுப்பார்கள், பொய் சொல்லாதே, உண்மையில் வேண்டியதை மட்டும் அடுக்கு என்று.

பேச்சியம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ராசிங்காபுரத்துக்காரி. விடியும் முன்னே ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போய், காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குகிறவர்களில் ஒருத்தி. நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். புருஷன் இறந்து வருடமாகிவிட்டது, ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டாள். தனி ஆள்.

நான் வழக்கம்போல் கம்மல் தட்டை எடுத்து வைத்தேன். அவள் அதைக் கையால் தள்ளினாள். நகை வேண்டாம், செய்கூலி ஒருத்தர், சேதாரம் ஒருத்தர் என்று தின்றது போக மிச்சம்தான் எனக்கு வருகிறது, கட்டியாகக் கொடுங்கள் என்றாள். படித்தவர்களே யோசிக்காத விஷயம் அது. தங்கக் கட்டி எட்டுக் கிராம் என்ன விலை என்று சொன்னேன். முகம் வாடிப்போனது. அவள் கொண்டுவந்த பணத்துக்கு அது கட்டவில்லை. இதுதான் நேரம் என்று நான் பிளாட்டின அட்டையை எடுத்தேன். ஓரிரு மாதம் சேர்த்துப் போட்டால் இதிலே பத்துக் கிராம் வாங்கிவிடலாம், முன்பணம் கட்டி வையுங்கள் என்று என் பாட்டைத் தொடங்கினேன்.

அவள் மயங்கிவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கட்டியை உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தாள். அளவு சின்னதாக இருக்கிறது, ஆனால் கனக்கிறதே என்றாள்.

“காய்ல ஈரம் இருந்தா எடை கூடக் காட்டும்ணே. இதுல அப்பிடி ஏதாச்சும் உண்டா?”

அப்படி எதுவும் கிடையாது, சுத்தமான சரக்கு, உறைமேலேயே போட்டிருக்கிறது என்றேன். எவ்வளவு நாள் வைத்திருந்தாலும் கறுக்காதா என்று கேட்டாள். கறுக்காது என்றேன். எல்லாம் உண்மை. கடைசியாக ஒன்று கேட்டாள்.

“தங்கம்தானே?”

“வெள்ளைத் தங்கம் ஆத்தா.”

அவ்வளவுதான் நடந்தது. வெள்ளைச் சோளமும் சோளம்தான், வெள்ளைக் கத்தரிக்காயும் கத்தரிக்காய்தான். வெள்ளைத் தங்கமும் தங்கம்தான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவள்மேல் என்ன தப்பு? தமிழ் பேசுகிற யாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். அவள் அப்படி எடுத்துக்கொண்டாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. தெரிந்தும் நான் ரசீதுப் புத்தகத்தை எடுத்தேன்.

பில் போடுகிற இடத்தில் ஒரு பெண் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவள். இரண்டு மாதம் கழித்துப் பேச்சியம்மாள் முதல் கட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கியதும் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, தங்கத்துக்கு விக்கிற ரேட்டும் வருது, வாங்குற ரேட்டும் வருது. இதுக்கு விக்கிற ரேட்டு மட்டும்தான் வருது. அந்தம்மா திருப்பிக் கொண்டாந்தா என்ன ரேட்டு போடுறது?”

அது வர்றப்பப் பாத்துக்கலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டேன். இந்தத் தொழிலில் உங்கள் குரு யார் என்று யாராவது கேட்டால் நான் அந்தப் பெண்ணைத்தான் சொல்வேன். விற்கிற நேரத்திலேயே திரும்ப வாங்குகிற விலையைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். அன்றைக்கு அவள் பேச்சு எனக்குத் தொணதொணப்பாக இருந்தது. பெரிய மனுஷி மாதிரி கேள்வி கேட்கிறாள் என்று சாப்பிடும்போது மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்தேன்.

நாலு வருடத்தில் பேச்சியம்மாள் ஆறு கட்டி வாங்கினாள். காய் விலை நன்றாக இருந்து போனஸ் கிடைத்தால் ஒன்று, சீட்டு எடுத்தால் ஒன்று. மூன்றாவது கட்டி வாங்கியபோதுதான் எதற்காகச் சேர்க்கிறாள் என்று சொன்னாள். ராசிங்காபுரத்தில் அவள் வாடகைக்கு இருந்த ஓட்டு வீட்டையே வாங்கிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. பத்தொன்பது வருடமாக அதே வீடு. “என்னிக்கி வந்து காலி பண்ணச் சொல்வாகளோன்னு படுத்தாத் தூக்கம் வரமாட்டேங்குதுண்ணே” என்றாள். நானும் உருகிப்போய், கவலைப்படாதே ஆத்தா, இது கையில் இருந்தால் வீடு தானாக வரும் என்றேன். பாருங்கள், இந்த வரி மட்டும் பொய்.

உலோகத்தின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிளாட்டினம் நல்ல சரக்கு. வாங்க விரும்புகிறவர்கள் வாங்கட்டும். ஆனால் நம்மூர்க்காரர்கள் தங்கம் வாங்குவது விலை ஏறும் என்பதற்காக மட்டுமா? இல்லை. எந்த ஊரில், எந்தத் தெருவில் கொண்டுபோய் நீட்டினாலும் அரை மணி நேரத்தில் காசாகும் என்பதற்காக. பிளாட்டினம் நம்மூர்ப் பட்டறை நெருப்புக்கு இளகக்கூட இளகாது. அடகுக்கடையில் எடுக்க மாட்டார்கள். அபூர்வமான பொருள் என்று நான் கூவிக்கூவி விற்றேனே, அதை வாங்குகிற ஆளும் அபூர்வம் என்பதைச் சேர்த்துச் சொல்லவில்லை. அந்த உறையைக் கிழிக்காதே என்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட இரண்டும் சேர்ந்து ஒரே நாளில் வினையாக வந்தன.

அது ஒரு புதன்கிழமை. வீட்டின் சொந்தக்காரர் முந்தின ராத்திரி வெளியூரில் இருந்து வந்து, வீட்டை விற்கப்போகிறேன், இத்தனை வருடம் இருந்தவள் நீ, உனக்கே முதலில் தருகிறேன் என்று பேச்சியம்மாளிடம் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் பத்திரம். முழுப் பணமும் அன்றைக்கே வேண்டும். இல்லாவிட்டால் அதே தெருவில் ஒருவர் குடோன் போட அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டு பணத்தோடு நிற்கிறார். பேச்சியம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாதிப் பணம் பேங்கில் இருந்தது. மீதிக்கு ஆறு கட்டி. தங்கம் கையில் இருக்கிறது, இரண்டு நாள் எதற்கு, அரை நாள் போதும் என்று தோட்டத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் போடிக்கு வந்து, நகைக்கடன் கொடுக்கிற இடம் ஒன்றில் வரிசையில் நின்றிருக்கிறாள்.

அங்கே மதிப்பீடு செய்கிறவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். உரைத்துப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதும், இவளே ஆறு உறையையும் பல்லால் கடித்துக் கிழித்துக் கட்டிகளை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவர் ஒன்றைக் கல்லில் உரைத்து ஒரு சொட்டுத் திரவம் விட்டுப் பார்த்துவிட்டு, இது தங்கம் இல்லையம்மா என்றார். அதோடு விடாமல், எங்கே இருந்து கிடைத்தது என்று வேறு கேட்டார். வரிசையில் நின்ற எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளோடு ஜீப்பில் போகிற பெண்களில் இரண்டு பேரும் அன்றைக்கு நகை திருப்ப வந்து அங்கே இருந்தார்கள்.

அங்கிருந்து நேரே எங்கள் கடைக்கு வந்தாள். அழவில்லை, கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். கட்டிகளைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள்.

“அண்ணே, அவுக இது தங்கம் இல்லேங்கிறாக. நீங்க ஒரு எட்டு வந்து சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேட்டுக்கிருவாக.”

என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட வந்திருந்தாள். அந்த நேரத்தில்கூட அவளுக்கு என்மேல் சந்தேகம் வரவில்லை.  குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

“அது தங்கம் இல்லம்மா. பிளாட்டினம்.”

“வெள்ளைத் தங்கம்னீங்களே?”

“அது… அப்பிடிச் சொல்றதும்மா.”

கவனித்தீர்களா? விற்கும்போது ஆத்தா, கைவிடும்போது அம்மா. நானாக யோசித்துச் செய்யவில்லை, நாக்கு தானாக மாறிக்கொண்டது. பில்லில் பிளாட்டினம் என்றுதான் போட்டிருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். ஆங்கில எழுத்து. அவள் அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, சரி, எதுவாயிருந்தாலும் இருக்கட்டும், நீங்கள் கொடுத்ததுதானே, நீங்களே எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைக்குள் பணம் கொடுங்கள் என்றாள். நியாயமான பேச்சு.

முதலாளி அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். போன் பண்ணியிருந்தால் ஒரு நிமிடத்தில் பதில் வந்திருக்கும். நான் பண்ணவில்லை. ஏனென்றால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அத்தனை வருடம் அவரிடம் வேலை பார்த்தவனுக்குத் தெரியாதா? திரும்ப வாங்க மாட்டார். அந்த ‘இல்லை’யை அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் சிரித்த முகத்தோடு, நாளைக்கு வாங்கம்மா, முதலாளியிடம் நான் பேசி வைக்கிறேன் என்றேன். அவளும் நம்பிப் போனாள்.

தம்பிகளா, தங்கச்சிகளா, என் முப்பத்தோரு வருடத்தில் நான் செய்த பெரிய தப்பு வெள்ளைத் தங்கம் என்று சொன்னது இல்லை. இந்த ‘நாளைக்கு வாங்க’தான். முதலாவது பேராசை, அது எல்லாருக்கும் உள்ளது. இது கோழைத்தனம். இரண்டாவதைத்தான் என்னால் இன்றைக்கும் சீரணிக்க முடியவில்லை.

அவள் படியிறங்கியதும் பில் போடுகிற பெண் ஓடிவந்தாள். மதுரையில் பெரிய கடைத்தெருவில் பிளாட்டினம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், இணையத்தில் பார்த்தேன், இப்போதே பஸ் ஏற்றிவிட்டால் சாயங்காலத்துக்குள் போய்ச் சேரலாம் என்றாள். கையில் ஒரு துண்டுச் சீட்டில் முகவரிகூட எழுதி வைத்திருந்தாள். நம் கடை வாடிக்கையாளரை இன்னொரு கடைக்கு அனுப்பினேன் என்று முதலாளி காதுக்குப் போனால் என் கதி என்னாவது? எனக்குக் கோபம் வந்தது. “நீ ஒன் சோலியப் பாரு” என்றேன். அவள் சீட்டை மடித்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை பேச்சியம்மாள் கடை திறக்கும்போதே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முதலாளி வர நண்பகல் ஆகிவிட்டது. உள்ளே போய்ச் சொன்னேன். உறையெல்லாம் கிழிந்திருக்கிறது, இப்படியே எடுக்க முடியாது, கோயம்புத்தூருக்கு அனுப்பிச் சோதித்துத்தான் சொல்ல முடியும், பத்து நாளாகும் என்று சொல்லுங்கள் என்றார் அவர். ஆறு கட்டி விற்றவன் என்ற உரிமையில் கொஞ்சம் பேசிப் பார்த்தேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே வந்து பேச்சியம்மாளிடம் சொன்னேன். பத்து நாள் என்று சொல்லும்போது அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பில் போடுகிற பெண்தான் எழுந்து வந்து சீட்டைக் கொடுத்து, அடையாள அட்டை, பேங்க் புத்தகம் எல்லாம் இருக்கிறதா என்று கேட்டு, கூட்டிக்கொண்டுபோய் மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். நான் கவுண்டரில் ஒருவருக்குக் கொலுசு காட்டிக்கொண்டிருந்தேன்.

மதுரைக் கடைக்காரர்கள் நல்லவர்கள். வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். ஆனால் அவள் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. உறை பிரியாமல் இருந்திருந்தால் பார்த்தவுடன் எடுத்திருப்போம், இப்போது ஆறையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும், நாளைக்குச் சாயங்காலம் பணம் உங்கள் பேங்கில் ஏறிவிடும் என்றார்கள். நாளைக்குச் சாயங்காலம். பத்திரம் காலையில். முதல் நாளே போயிருந்தால் இதே பணம் வியாழன் சாயங்காலம் வந்திருக்கும். நான் ‘நாளைக்கு வாங்க’ என்று சொன்ன அந்த ஒரு நாள்தான் குறைந்தது. அவள் விற்காமலே திரும்பி வந்துவிட்டாள். காலையில் நேரில் போய்க் காலில் விழுந்தாவது ஒரு நாள் தவணை கேட்டுவிடலாம் என்று நினைத்தாளாம்.

வெள்ளிக்கிழமை பில் போடுகிற பெண் அரை நாள் லீவு போட்டுவிட்டு அவளோடு பத்திர ஆபீசில் போய் நின்றாள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பேச்சியம்மாள் வீட்டுச் சொந்தக்காரரிடம் கைக்குட்டையை அவிழ்த்துக் கட்டிகளைக் காட்டி, இது தங்கத்தைவிட ஒசத்தி, சாயங்காலம் பணமாகிவிடும் என்று சொல்லியிருக்கிறாள். என் பாட்டைத்தான் பாடியிருக்கிறாள், பாவம். அவர் அதைக் கையில்கூட வாங்கிப் பார்க்கவில்லை. குடோன்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்தார். பதினோரு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு மாதத்தில் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். பேச்சியம்மாள் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு மலைக்கே போய்விட்டாள்.

பில் போடுகிற பெண்ணும் அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நான் அதற்குப் பிறகு திருந்தி, இது பிளாட்டினம், தங்கமில்லை, இங்கே அடகு வைக்க முடியாது, உறையைக் கிழிக்காதீர்கள் என்று எல்லாம் சொல்லி விற்க ஆரம்பித்தேன். ஒருவரும் வாங்கவில்லை. மீதிக் கட்டிகளை முதலாளி வந்த வழியே கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டார்.

இந்த இடத்தோடு நிறுத்தியிருந்தால், தப்புச் செய்தேன், திருந்தினேன் என்று உங்கள் முன்னால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். அதற்கும் வழியில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு பிளாட்டினம் ஏற ஆரம்பித்தது. சும்மா இல்லை, ஏறு ஏறு என்று ஏறியது. தினமும் காலையில் விலையைப் பார்ப்பேன். பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் ஒரு தெம்பு வந்தது. நான் சொன்னது பலித்துவிட்டது அல்லவா? பேச்சியம்மாளுக்கு நான் கெடுதல் செய்யவில்லை, காலம்தான் கொஞ்சம் முன்னே பின்னே ஆகிவிட்டது என்று எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டேன். ஒருநாள் காலையில் ஜீப் ஏறிப் போடிமெட்டைத் தாண்டி, விசாரித்து விசாரித்து அவள் இருந்த தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். நல்ல சேதியை நேரில் சொல்ல வேண்டும் என்று பெயர். உண்மையில் மன்னிப்பு வாங்கத்தான் போனேன், அதைக் கேட்காமலே வாங்கிவிடலாம் என்று நினைத்துப் போனேன்.

லயம் என்று அங்கே சொல்கிற வரிசை வீட்டில் ஓர் அறை. பேச்சியம்மாள் இப்போது காய் எடுக்கப் போவதில்லை, முழங்கால் போய்விட்டது. ஸ்டோரில் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிற பணி. என்னைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டாள். வாங்கண்ணே என்று உட்காரப் பலகை போட்டாள், பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தாள். பழசை எடுக்கவே இல்லை. கட்டிகளை விற்றுவிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு இன்னொரு கடைப்படி ஏற எனக்குக் கூச்சமாக இருக்கிறது, அன்றைக்கு எல்லாரும் திருடியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள் என்றாள்.

நான் விலையைச் சொன்னேன். வாங்கின விலையைப் போல் எத்தனை பங்கு என்று விரல் விட்டுக் காட்டினேன். நானே கூட வருகிறேன், மதுரையில் பக்கத்தில் நின்று விற்றுத் தருகிறேன் என்றேன். அவள் ராசிங்காபுரத்தில் இப்போது மனை என்ன விலை என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

“இன்னும் ஏறுமாண்ணே?”

பிள்ளைகளே, அந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களில் கடைசியாக வந்தவருக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது ஆத்தா, யாருக்கும் தெரியாது, உனக்குப் பணம் வேண்டுமென்றால் விற்றுவிடு என்று சொல்ல வேண்டும். என் வாய் என்ன சொன்னது தெரியுமா? ஏறும் ஆத்தா, தங்கத்தைவிட அபூர்வமாச்சே, வச்சிருந்தா இன்னும் வரும் என்றது. எனக்கு அதில் பிரியாணிக் காசுகூடக் கிடையாது. பழக்கம்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. காயைப் பிரிக்கும்போது பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

“நீங்க எத்தன வாங்கி வச்சிருக்கீங்கண்ணே?”

நான் கட்டஞ்சாயாவைக் குடித்து முடித்தேன். டம்ளரில் எதுவும் இல்லாத பிறகும் இன்னொரு தடவை வாயில் வைத்தேன்.

“இல்ல ஆத்தா. நான் வாங்கல.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட இல்ல. என்கிட்ட இருக்கிறதெல்லாம் தங்கம்தான்.”

பேச்சியம்மாள் என் கையில் இருந்த டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

“இத அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் எவ்வளவு கொறைவாக் கெடைச்சாலும் தங்கமே வாங்கியிருப்பேனேண்ணே” என்றாள்.